மாண்ட்ரியலில் ஒரு தாலிபோங்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு டொரோண்டோவில் மாண்ட்ரியல் பேருந்தில் ஏறினேன். 1995 அக்டோபர், திங்கட்கிழமையும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. போக வர எழுபத்தெட்டு டாலர். தூரம் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். கிங்ஸ்டனில் இருபது நிமிடம் நிற்கும் என்று சீட்டுக் கொடுத்த பெண் சொன்னாள். நாற்பது நிமிடம் நின்றது. வண்டியில் கோளாறு என்று ஓட்டுநர் அறிவித்தார். கடைக்குள் அவர் நிதானமாக சூப் குடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருந்தேன்.

தோள்பையை மேல்தட்டில் வைக்கும் வழக்கம் எனக்கு இல்லை. காலடியில் வைத்து, அதன் வாரைக் கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி முடிந்துகொள்வேன். பையில் ஒரு பூதக்கண்ணாடி, காந்தம், இரும்பு அளவுகோல், டார்ச், பஞ்சு, சின்னக் குப்பியில் எண்ணெய். இதைத் திருட எந்தத் திருடனும் மெனக்கெட மாட்டான் என்பாள் என் மனைவி. திருடிய பிறகுதானே அவனுக்கு அது தெரியும் என்பது என் கட்சி.

நான் பழைய பிலிப்பைன்ஸ் வாள்கள் சேர்ப்பவன். சென்னையில் பொறியியல் படித்துவிட்டு, பிலிப்பைன்ஸின் பனாய் தீவில் ஒரு சர்க்கரை ஆலையில் ஆறு வருடம் குப்பை கொட்டினேன். அங்கே பிடித்த பைத்தியம் இது. பிலிப்பைன்ஸ் வாள் என்றால் ஒரே வாள் அல்ல. தெற்கே மின்டனாவோவில் பாம்பாய் நெளியும் கிரிஸ், இலை வடிவ பாரோங், இடுப்பு உயரம் வரும் கம்பிலான். நான் இருந்த பனாயில் தாலிபோங். ஒரு பக்கம் மட்டும் கூர் கொண்டது. முதுகு ஏறக்குறைய நேராகப் போகும். வயிறு நுனிப் பக்கம் பருத்து இறங்கும். பிடியின் முனையில் வாய் பிளந்த ஒரு விலங்கின் தலை செதுக்கியிருக்கும்.

இந்தத் தொழிலில் ஏமாறாதவன் இல்லை. மணிலாவில் எர்மித்தா கடைவீதியில் ஒருவர், தன் தாத்தா ஸ்பானியரோடு சண்டை போட்ட வாள் என்று கண் கலங்க விற்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்தால் தேயிலை வாசனை வந்தது. புது இரும்பைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துக் கறுப்பாக்கியிருந்தார். அன்றிலிருந்து எந்த வாளையும் முதலில் மோந்து பார்க்கிறேன். விற்பவர் கண் கலங்கினால் இரண்டு முறை மோந்து பார்ப்பேன்.

பக்கத்து இருக்கையில் கியூபெக்காரர் ஒருவர் இருந்தார். கார்ன்வால் தாண்டியதும், நீ ஆமா, இல்லையா என்று கேட்டார். மாதக் கடைசியில் கியூபெக் கனடாவிலிருந்து பிரிவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. எனக்கு அங்கே வாக்கு இல்லை என்றேன். அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள் என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு பெரி நிலையத்தில் இறங்கினேன். அருள்தாஸ் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முன்பு டொரோண்டோவில் எங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தவர். இப்போது வில்லரேயில் வீடு, சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. என் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நானே கொண்டு வருகிறேன் என்றேன். அவருக்கு என்னைத் தெரியும்; சிரித்துக்கொண்டார்.

மெட்ரோவில் ஜாரி நிலையம் வரை வந்து, அங்கிருந்து நடந்தோம். மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஆமா அட்டைகளும் இல்லை அட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கின. தெப்பனூர் என்று அங்கே சொல்லும் ஒரு மூலைக்கடையில் பால் வாங்க நுழைந்தோம். கடைக்காரர் எந்தப் பக்கத்துக்காரர் என்று அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். அவரும் என் முகத்தை அப்படித்தான் பார்த்தார்.

சாப்பாட்டின்போது அருள்தாஸ் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி ஜெசிந்தா முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அங்கே கூட வேலை செய்பவர் நெனித்தா. ஐம்பத்து நாலு வயது, பனாய் தீவின் இலோயிலோ ஊர்க்காரர். இருவரும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். நெனித்தாவுக்கு நாலு வயதாக இருந்தபோதே அப்பா இறந்துபோனார். பத்து வயது மூத்த அண்ணன்தான் வளர்த்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு, வீடு நிலம் எதுவும் வேண்டாம், அப்பாவின் வாளை மட்டும் எனக்குக் கொடு என்று நெனித்தா கேட்டிருக்கிறார். அண்ணனும் ஊரிலிருந்து வந்த ஒரு நர்ஸிடம் கொடுத்தனுப்பினார். நெனித்தா அதைப் பழம்பொருள் கடை ஒன்றுக்குக் கொண்டு போய்க் காட்டியபோது, கடைக்காரர் ஒரு நிமிடம் புரட்டிவிட்டு, இது தப்பாகச் செய்த வாள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவ்வளவுதான். அசலை விற்றுத் தின்றுவிட்டுப் போலியை எனக்கு அனுப்பினாயா என்று நெனித்தா தொலைபேசியில் கேட்டார். அது அப்பாவுடையது, நம்பினால் நம்பு என்று அண்ணன் சொன்னார். எதை வைத்துச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அதோடு பேச்சு நின்றது. இப்போது அண்ணனுக்கு நோய் முற்றிவிட்டது. தங்கையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார். பயண ஏஜென்சியில் ஒரு விமான இருக்கை பிடித்து வைத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். அதற்குள் வாள் அசலா போலியா என்று தெரிந்தாக வேண்டும். அசல் என்றால் போவேன், போலி என்றால் அவன் செத்தாலும் போகமாட்டேன் என்று நெனித்தா சொல்லியிருந்தார்.

பழம்பொருள் கடைக்காரர் போலி என்று சொன்னதாலேயே அது அசலாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பெரும்பாலும் அவர்கள் போலி என்பது விலையைக் குறைக்கத்தான்.

மாலை நாலரை மணிக்கு மூவரும் கோட்-டே-நேஜில் இருந்தோம். ஜான்-தலோனில் மாறி நீலத் தடத்தில் ஏழாவது நிறுத்தம். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. நெனித்தா கதவை உடனே திறக்கவில்லை. உள்ளிருந்து ஓட்டை வழியாக என்னைப் பார்ப்பது தெரிந்தது. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. நானும் அப்படித்தான் செய்வேன்.

கூடத்தில் இயேசுவின் கடைசி இராவுணவுப் படம். அதன் இரு பக்கமும் ஆளுயரத்தில் பாதி இருக்கும் மரக் கரண்டியும் முள்கரண்டியும். அவற்றுக்கு எதிர்ச் சுவரில், பொம்மை வாள்கள் பதித்த ஒரு மரக் கேடயம். விமான நிலையக் கடைகளில் விற்கும் சரக்கு. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

நெனித்தா உள்ளே போய், துவாலையில் சுற்றிய வாளைக் கொண்டுவந்து எனக்கு நீட்டினார். இடக்கையால் நீட்டினார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்துத் தேநீரும் இடக்கையால் வந்தது. டொரோண்டோவிலிருந்து ஒரு மனிதன் மெனக்கெட்டு வந்திருக்கிறான், ஒரு மரியாதை வேண்டாமா என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன். ஜெசிந்தா கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. இவரிடம் ஏதோ சரியில்லை என்று அப்போதே மனதில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது.

துவாலையைப் பிரித்தேன். தாலிபோங்தான். மோந்து பார்த்தேன், தேங்காய் எண்ணெயும் துருவும்தான், தேயிலை இல்லை. காந்தம், அளவுகோல், டார்ச் எல்லாம் வெளியே வந்தன. பிடி கறுத்த கொம்பு. அதன் விலங்குத் தலையில் பற்கள் மழுங்கியிருந்தன. அலகைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தபோது கடைக்காரர் எதைச் சொன்னார் என்று தெரிந்துவிட்டது.

பனாய் தீவின் தாலிபோங், தச்சர் உளியைப் போலத் தீட்டப்பட்டது. ஒரு முகம் முழுக்கத் தட்டை. மறு முகம் மட்டும் கூரை நோக்கிச் சரியும். கூர் கீழே பார்க்க, நுனி முன்னே பார்க்கப் பிடித்தால், தட்டை முகம் இடப்பக்கம் இருக்கும், சரிவு வலப்பக்கம் இருக்கும். நான் கையில் எடுத்த அத்தனை தாலிபோங்கும் அப்படித்தான். இதில் தட்டை வலப்பக்கம், சரிவு இடப்பக்கம். உறையைப் பார்த்தேன். வெளியே தெரிய வேண்டிய செதுக்கு வேலை உறையின் மறு பக்கத்தில் இருந்தது. பிடியில் விரல் நுனிகள் தேய்த்த பள்ளங்கள்கூடப் பக்கம் மாறி இருந்தன.

எர்மித்தாவில் ஒரு பட்டறையைப் பார்த்திருக்கிறேன். சுவரில் பழைய வாள்களின் புகைப்படங்களை ஒட்டி வைத்து, அதைப் பார்த்துச் செய்வார்கள். படம் பக்கம் புரண்டு அச்சாகி இடம் வலமாக மாறியிருந்தால், செய்யும் வாளும் அப்படியே மாறிப் பிறக்கும். இது அப்படிப் பிறந்ததுதான் என்று முடிவு கட்டினேன். விரல் தேய்வு மட்டும் கொஞ்சம் உறுத்தியது. போலி செய்கிறவர்கள் தேய்வையும் அரத்தால் செய்வார்கள் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். என் கண்டுபிடிப்பில் எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

நெனித்தாவிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன். புகைப்படத்தைப் பார்த்துச் செய்த நகல், உங்கள் அப்பாவுடையதாக இருக்க முடியாது என்றேன். அவர் வாளை உறையில் போட்டு, துவாலையைச் சுற்றினார்.

"நல்லது. அப்படியானால் நான் போக வேண்டியதில்லை" என்றார்.

படி இறங்கும்போது ஜெசிந்தா எங்களோடு பேசவில்லை. தெருவில் முன்னால் நடந்தாள். அருள்தாஸ் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணை, ஒண்டு கேப்பன், கோவிக்கக் கூடாது. அது உண்மையாவே போலிதானோ? இல்லாட்டி பேந்து மலிவா வாங்கலாம் எண்டு சொன்னனீங்களோ?"

"என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது அருள்?"

"தெரியேல்லை. அதுதான் கேக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தால் மெட்ரோ நிலையம் வரைகூடக் காத்திருக்க மாட்டேன், படிக்கட்டிலேயே கேட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் பூசைக்குப் போனார்கள். நான் ஜான்-தலோன் சந்தைக்கு நடந்தேன். வண்டிச் சக்கரம் அளவுக்குப் பூசணிக்காய்கள், கூடை கூடையாக ஆப்பிள். ஒரு கூடை நாலு டாலர். மேல் வரிசை பளபளத்தது. அடியில் கையை விட்டுப் பார்த்தேன், அழுகல் ஒன்றுமில்லை. விற்ற கிழவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

மதியம் ஒரு மணிக்குச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். ஜெசிந்தா எனக்குப் பரிமாறினாள், ஆனால் முகம் கொடுக்கவில்லை. பூசைக்கு வந்த நெனித்தா, செவ்வாய்க்கிழமை இருக்கையை விட்டுவிடச் சொல்லப் போவதாக அவளிடம் சொல்லியிருக்கிறார். கறிச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு ஜெசிந்தா நின்றுகொண்டே பேசினாள்.

"ஒரு மனுசன் சாகக் கிடக்கிறார் அண்ணை. அது அப்பாவின்ரை வாள்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

இல்லாததை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வராது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். குத்துப்பட்ட எரிச்சலில், உங்க சிநேகிதிக்கு முதலில் மரியாதை தெரியவில்லை, வாளையும் தேநீரையும் இடக்கையால் நீட்டுகிறார், அவருக்காகவா இவ்வளவு பரிந்து பேசுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

ஜெசிந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அவ இடக்கைக்காரி அண்ணை. எனக்கும் முதல்ல பிடிக்கேல்லைத்தான், பேந்துதான் விளங்கினது. கட்டிலுக்கு மற்றப் பக்கம் இருந்துதான் நோயாளியளுக்குச் சாப்பாடு தீத்துவா. எங்கட கத்திரிக்கோல்கூட அவவுக்கு வெட்டாது. தன்ரை கத்திரிக்கோல் ஒண்டைப் பொக்கெற்றுக்குள்ள கொண்டு திரியிறா."

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. எங்களவர் புத்தி அப்படி. ஒருவர் இடக்கையை நீட்டினால் அவமானம் என்றுதான் முதலில் தோன்றுகிறது. அந்த ஆளுக்கு அதுதான் கை என்று தோன்றுவதில்லை.

கை கழுவிவிட்டு அடுக்களைக் கத்திரிக்கோலை எடுத்தேன். இடக்கையில் பிடித்து ஒரு காகிதத்தை வெட்டினேன். காகிதம் வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து சிக்கியது. வலக்கைக்கு மாற்றினேன், வெட்டியது. கத்திரிக்கோலின் அலகுகளும் உளி போலத்தான், ஒரு முகம் தட்டை, ஒரு முகம் சரிவு. இடக்கைக்காரருக்கு அது மாறி இருக்க வேண்டும். அப்படியே வாளுக்கும். உறையை வல இடுப்பில் கட்டினால் செதுக்கு வேலை சரியாக வெளியே தெரியும். விரல் பள்ளங்களும் அதன் அதன் இடத்தில் இருக்கும். ஆறு வருடம் பனாயில் இருந்தும், ஒரு இடக்கைக்காரனுக்குக் கொல்லன் என்ன வாள் அடித்துக் கொடுப்பான் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. நான் பார்த்த அத்தனையும் ஒரே மாதிரி இருந்ததால், மாறி இருந்தது போலியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

உடனே போக வேண்டும் என்று சட்டையை மாட்டினேன். நெனித்தா பூசை முடிந்து நேராக வேலைக்குப் போயிருந்தார். இரவுதான் திரும்புவார், நாளை காலை பாருங்கள் என்று ஜெசிந்தா சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டில், நான் கேட்காமலே எனக்கு இரண்டாவது முறையும் கறி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெசிந்தாவும் நானும் மறுபடி அந்த மூன்றாவது மாடியில் நின்றோம். என் திரும்பும் வண்டி ஒன்றரை மணிக்கு. நெனித்தா இந்த முறை ஓட்டை வழியாக நீண்ட நேரம் பார்த்தார். கதவைத் திறந்தவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன்: நான் சொன்னது தப்பு, வாள் போலி அல்ல, அது இடக்கைக்காரர் ஒருவருக்காக அடித்த வாள்.

"ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தாளா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"சனிக்கிழமை போலி. இன்றைக்கு அசல். நடுவில் வாள் மாறவில்லை. நீங்கள்தான் மாறியிருக்கிறீர்கள்."

உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டுத் திரிந்தவனை ஒருவர் சரியான காரணத்தோடு சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது. சாகக் கிடக்கும் அண்ணனுக்காக நாங்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி நல்ல மனதோடு பொய் சொல்வதாக அவர் நினைத்தார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வாளை மட்டும் ஒரு முறை கொண்டு வாருங்கள் என்று கெஞ்சினேன். கொண்டுவந்தார். நான் முதலில் என் வலக்கையில் எடுத்தேன். பிடி சங்கடமாக உருண்டது. இடக்கைக்கு மாற்றினேன். விரல் நுனிகள் தாமாகவே அந்தப் பள்ளங்களில் போய் உட்கார்ந்தன. பூதக்கண்ணாடியை நெனித்தாவிடம் கொடுத்து, பள்ளங்களில் அரம் தேய்த்த கோடு ஒன்றாவது இருக்கிறதா பார்க்கச் சொன்னேன். வழவழப்பு மட்டும்தான் இருந்தது. சனிக்கிழமையே நான் பார்த்திருக்க வேண்டிய விஷயம். பிறகு வாளை அவரிடம் கொடுத்தேன். அவர் இடக்கையில் அது வந்து பொருந்தியதை மூன்று பேரும் பார்த்தோம்.

ஆனால் அவர் அசையவில்லை. "என் கைக்குப் பொருந்தும், நான் இடக்கைக்காரி. என் அப்பா இடக்கைக்காரர் என்று யார் சொன்னது? யாரோ ஒரு இடக்கைக்காரனுடைய வாளை அண்ணன் வாங்கி அனுப்பியிருக்கலாமே" என்றார்.

நியாயமான கேள்வி. என்னைப் போலவே யோசிக்கும் ஒருவரை நான் இதற்கு முன் சந்தித்ததில்லை. அப்பாவுக்கு எந்தக் கைப் பழக்கம் என்று கேட்டேன். தெரியாது என்றார். நாலு வயதில் பார்த்தது, முகமே சரியாக நினைவில்லை. வீட்டில் இருந்த ஒரே படம் மார்பளவு. அம்மா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் பூமியில் ஒருவர்தான் மிச்சம். அவர் பெயரை நாங்கள் மூன்று பேரும் சொல்லவில்லை.

நெனித்தா வாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தொலைபேசி அட்டை ஒன்றை எடுத்தார். அங்கே இரவு ஒன்பதரை ஆகியிருக்கும். ஒன்பது வருடம் கூப்பிடாத எண்ணை எதையும் பார்க்காமல் அழுத்தினார்.

முதலில் அண்ணி எடுத்திருக்க வேண்டும். பிறகு நீண்ட அமைதி. ஆளை எழுப்பி உட்காரவைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பனாய்ப் பேச்சு எனக்குப் பாதி புரியும். நலமா என்றுகூடக் கேட்கவில்லை நெனித்தா. "நோங்" என்றார், அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நோங், அப்பா எந்தக் கையால் வேலை செய்வார்?"

ஏன் கேட்கிறார் என்று சொல்லவில்லை. வாள் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதில் அவருடைய கெட்டிக்காரத்தனத்தை நான் மெச்சினேன். காரணம் தெரிந்தால் பதிலைத் தயார் செய்துவிடலாம் அல்லவா? அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. நெனித்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கியபோது ஜெசிந்தா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

அட்டையில் காசு தீரும்வரை பேசினார். வைத்த பிறகு, முகத்தைத் துவாலையால் துடைத்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்.

"எனக்கு மூன்று, நாலு வயது இருக்கும். நான் இடக்கையை நீட்டக் கூடாது என்று அம்மா அதில் துணியைச் சுற்றிக் கட்டிவிடுவாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாரோ வந்து அவிழ்த்துவிடுவார்கள். வேலைக்காரப் பெண் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது அண்ணன். இது அப்பாவின் கை, கட்டாதே என்று சொல்லிச் சொல்லி அம்மாவிடம் அடி வாங்குவானாம்."

பிறகு, "இதை அப்போதே கேட்டிருக்கலாமே என்கிறான்" என்றார்.

ஒரு பழம்பொருள் கடைக்காரர் ஒரு நிமிடத்திலும், நான் ஒரு மணி நேரத்திலும் ஒரே தப்பைச் செய்திருக்கிறோம். அவருடைய தப்புக்கு ஒன்பது வருடம் போயிற்று. என் தப்பு இன்னும் ஒரு நாள் நீடித்திருந்தால் மிச்சமும் போயிருக்கும். மன்னித்துவிடுங்கள் என்றேன். நெனித்தா சுவரில் இருந்த பொம்மை வாள் கேடயத்தைக் காட்டி அதைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அந்த ஆணியில் தாலிபோங்கை மாட்டினேன். செதுக்கு வேலை வெளியே தெரியும்படி அவரே திருப்பி வைத்தார்.

புதன்கிழமை அவர் புறப்பட்டுப் போனார். போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்கு நினைவு இருந்தது என்றும், கடைசி வரை கூடவே இருந்துவிட்டு வந்தார் என்றும் ஜெசிந்தா பிறகு தொலைபேசியில் சொன்னாள்.

அந்தத் திங்கட்கிழமை நாங்கள் கிளம்பும்போது, வழியில் சாப்பிட என்று வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிப் பண்டம் இரண்டை நெனித்தா கொண்டுவந்து நீட்டினார். இடக்கைதான். நானும் இடக்கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

ஒன்றரை மணி வண்டி சரியாக ஒன்றே முக்காலுக்குப் புறப்பட்டது. நெடுஞ்சாலை ஏறும் வரை ஆமாவும் இல்லையும் கூடவே வந்தன. பிரிவதா, சேர்ந்திருப்பதா என்று ஒரு நாடே கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் ஒன்பது வருடமாக இருந்த அதே கேள்வி ஒரு தொலைபேசி அட்டையில் முடிந்ததை நான் பார்த்துவிட்டு வருகிறேன். சென்னையிலிருக்கும் என் தம்பியோடு நான் பேசி ஐந்து வருடம் ஆகிறது. காரணம் சந்தேகம்தான். எங்களுக்கு நடுவில் வாள்கூட இல்லை. டொரோண்டோ போனதும் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. அவன் என்ன நினைப்பான் என்றும் தோன்றியது. இருந்தாலும் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன்.

கிங்ஸ்டன் வரும்போது பசித்தது. பை காலடியில் சும்மா கிடந்தது. வாரைச் சுற்ற மறந்திருக்கிறேன். திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது. வாழையிலையைப் பிரித்து, ஒட்டரிசியை இடக்கையால் எடுத்துத் தின்று பார்த்தேன். அந்தக் கையால் நான் உண்டது அதுவே முதல் தடவை. கால்வாசி மடியில் விழுந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த தமிழ் அம்மாள், மாண்ட்ரியலில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர், அதுவரை என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டுதான் வந்தார். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கைப்பையை எடுத்து மறு பக்கம் வைத்துக்கொண்டார்.